தாத்தாவுக்கே தெரியாத வாள்

என் அக்கா வீட்டுக்காரருக்கு இரண்டு குரல்கள் உண்டு. ஒன்று பேருந்து நிலையத்துக் குரல். மைக் முன்னால் உட்கார்ந்து "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தாரென்றால், டீ டம்ளரை வாய்வரை கொண்டுபோனவன்கூட அப்படியே நிற்பான். "மூன்றாம் நடைமேடை" என்று அவர் சொன்னால் போதும், நான்காம் நடைமேடையில் மூட்டை முடிச்சோடு நின்ற கூட்டம் ஒரு வார்த்தை கேட்காமல் மூன்றாவதுக்கு ஓடும். இன்னொன்று வீட்டுக் குரல். அப்படி ஒன்று இருக்கிறதா என்பதே எங்களுக்குச் சந்தேகம். "கொஞ்சம் தண்ணி" என்பார். அக்கா காதில் விழாது. சற்று நேரம் பார்த்துவிட்டு அவரே எழுந்துபோய்க் குடித்துவிட்டு வந்து உட்காருவார்.

நான் ஏதோ கேள்விப்பட்டு அளக்கவில்லை. அவர்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். பேருந்து நிலையத்துக்கு உள்ளேயே, அறிவிப்பு அறைக்கு நேர் எதிரே, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆகவே அத்தானின் இரண்டு குரலையும் தினமும் கேட்கிற பாக்கியம் உலகத்திலேயே எனக்கு மட்டும்தான்.

அவர் வேலையில் ஒரு சட்டம் இருக்கிறது. யாரும் எழுதி வைத்ததல்ல. அவருக்கு முன்னால் அந்த நாற்காலியைத் தேய்த்தவர், போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனது. மைக்கில் 'தெரியாது' என்ற சொல்லே வரக்கூடாது. பஸ் நடுவழியில் பழுதாகி நிற்கலாம், டிரைவருக்கு வயிற்றுவலியாக இருக்கலாம், பஸ் கிளம்பவே இல்லாமலும் இருக்கலாம். அறிவிப்பு மட்டும் "இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்" என்பதுதான். அதையும் தயங்காமல் சொல்ல வேண்டும். குரல் கொஞ்சம் இழுத்தாலும் கூட்டம் ஜன்னலுக்கு வந்துவிடும். வராத பஸ்ஸை வரும் வரும் என்று சொல்லியே காலம் தள்ளியவர் அத்தான். வாயில்லாப் பூச்சி என்று தெருவே சொல்கிற மனிதர், இத்தனை பெரிய புளுகை அத்தனை கம்பீரமாக விடுவதைக் கேட்டு நான் பலமுறை நகலெடுக்க மறந்து நின்றிருக்கிறேன்.

ஒருமுறை அக்கா வீட்டுக் குக்கரின் ரப்பர் ரிங் தொய்ந்துபோயிற்று. விசில் வருவதற்குப் பதிலாக ஓரமெல்லாம் ஆவி பீறிட்டுக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா அந்தப் பழைய ரிங்கையே கழற்றி அத்தான் கையில் கொடுத்தாள்.

"இதே சைஸ். பக்கத்துல வெச்சுப் பார்த்து வாங்குங்க. போன தடவை மாதிரி அவன் குடுத்ததை வாங்கிட்டு வந்து நிக்காதீங்க."

அத்தான் ரிங்கை வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். திரும்பி வந்தபோதும் அது மணிக்கட்டிலேயே இருந்தது. கூடவே, அக்குளில் செய்தித்தாள் சுற்றிய நீளமான சாமான் ஒன்று இருந்தது. ஜன்னலுக்குத் திரைக் கம்பி வாங்கி வருகிறார் என்றுதான் நான் மாடிப்படியிலிருந்து பார்த்து நினைத்தேன்.

கடையில் நடந்ததை அவர் பிற்பாடு என்னிடம் மட்டும் சொன்னார். குக்கர், மிக்ஸிக்கு உதிரி சாமான் விற்கிற அந்தக் கடை, பாதி பழைய சாமான் கடையும்கூட. ரிங் தேடக் கடைக்காரர் ஏணி போட்டுப் பரணில் ஏறினார். இடைஞ்சலாக இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே நீட்டினார். "சார், இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று முதலில் ஒரு மின்விசிறி இறக்கை வந்தது. அத்தான் பிடித்தார். யார் எதை நீட்டினாலும் பிடிக்கிற ஆள் அவர். அடுத்து ஓட்டைக் குடம் வந்தது. அதற்கும் அடுத்து வந்தது ஒரு வாள்.

உறை இல்லை. ஓரத்தில் துரு. நுனி கொஞ்சம் மழுங்கல். ஆனால் பித்தளைப் பிடி கிளிமூக்கு மாதிரி வளைந்து, அவர் கைக்கென்றே வார்த்தது போல உட்கார்ந்துகொண்டதாம். பிடித்த கணமே முதுகு தானாக நிமிர்ந்ததாம். எதிரே விற்பனைக்குச் சாய்த்து வைத்திருந்த நிலைக்கண்ணாடியில், மணிக்கட்டில் ரப்பர் வளையமும் கையில் வாளுமாக ஓர் ஆள் நின்றார். அந்த ஆளை அத்தானுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

"உங்க சைஸ் இல்லையே சார்" என்றது பரணிலிருந்து குரல்.

"இது என்ன விலை?" என்றார் அத்தான்.

"அதுவா? பழசு சார். எவ்வளவு பழசுன்னு எனக்கே தெரியாது. ஒரு பெரிய வீட்டை இடிச்சப்போ கதவு, ஜன்னலோட சேர்ந்து வந்துச்சு." பேரம் பேச அத்தானுக்குத் தோன்றவே இல்லை. சட்டைப் பையில் இருந்ததை அப்படியே வழித்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

கூடத்தில் செய்தித்தாளைப் பிரித்ததும் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "என்ன இது?"

சாதாரணக் கேள்விதான். பிடித்திருந்தது, வாங்கினேன் என்று சாதாரணமாகவே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் அத்தானுக்குப் பிடித்தது என்று ஒரு சாமான் இருந்து நான் பார்த்ததில்லை. அவர் சட்டைகள் அக்கா தேர்ந்தெடுத்தவை. செருப்பு, தள்ளுபடியில் மிஞ்சிய அளவு. ஒருமுறை மீன்தொட்டி வேண்டும் என்று ஆசைப்பட்டார். "யாரு தண்ணி மாத்துறது?" என்று அக்கா ஒரே கேள்வி கேட்டாள். வாங்காத மீன் அங்கேயே செத்துப்போயிற்று. அதனால் 'பிடித்திருந்தது' என்ற காரணம் அந்தக் கூடத்தில் செல்லுபடியாகாது என்று அவருக்குத் தெரியும். எதிரே கேள்வி நிற்கிறது. பஸ் எங்கே இருக்கிறதோ தெரியாது. தொழில் பழக்கம் கைகொடுத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார். பேருந்து நிலையத்துக் குரல் முதல்முறையாக அந்த வீட்டுக்குள் ஒலித்தது.

"எங்க தாத்தாவோட வாள். தெரிஞ்சவர் ஒருத்தர் வீட்டுல இவ்வளவு காலமா பத்திரமா இருந்துச்சு. இன்னிக்குத்தான் என் கையில ஒப்படைச்சார்."

அத்தானின் தாத்தா குடை ரிப்பேர் செய்தவர். அவர் ஆயுளில் கையில் பிடித்த மிக நீளமான ஆயுதம் குடைக் கம்பிதான். இது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். ஆனால் மைக்கிலிருந்து வருகிற குரலை யார் குறுக்குக் கேள்வி கேட்கிறார்கள்? அந்தக் குரலின் லட்சணம் தெரிந்த எனக்கே, ஒரு கணம் தாத்தா குதிரைமேல் தெரிந்தார்.

அக்கா காலண்டரை ஆணியிலிருந்து கழற்றிவிட்டு அங்கே வாளை மாட்டினாள். மறுநாளிலிருந்து அத்தானுக்குத் தண்ணீர் தானாக வர ஆரம்பித்தது. மோட்டாரை யார் அணைக்காமல் விட்டது என்று சண்டை பிடிக்க வந்த வீட்டுச் சொந்தக்காரர், சுவரைப் பார்த்தார், நாற்காலி நுனியில் உட்கார்ந்தார், "சார் பரம்பரை எல்லாம் எப்படி?" என்று கேட்டுவிட்டு, மோட்டாரைத் தானே அணைத்துவிட்டுப் போனார். குடை ரிப்பேர் என்னவாயிற்று என்று நான் அக்காவிடம் மெல்லக் கேட்டேன். "அது சும்மா வெளிப்பார்வைக்கு இருந்திருக்கும்டி" என்றாள். அதோடு நிறுத்தினாளா? போனை எடுத்தாள். அன்று மாலைக்குள் இரு பக்கத்துச் சொந்தக்காரர்களிலும் ஒருவர் பாக்கியில்லாமல் வீரப் பரம்பரையாகிவிட்டார்கள். நானே ஒரு வாடிக்கையாளரிடம், "எங்க அக்கா வாக்கப்பட்ட இடம் சாதாரண இடமில்லீங்க" என்று சொல்லி, அரை ரூபாய் ஜெராக்ஸுக்கு அரைமணி நேரம் பேசியிருக்கிறேன்.

போன் சமாச்சாரம் வெளியூரில் இருந்த அத்தானின் அண்ணன் காதுக்கும் போயிற்று. அங்கேதான் வினை.

பெரியவர் என்று எல்லோரும் அழைக்கும் அந்த அண்ணன், அப்பா போனபின் வீடு, கட்டில், பீரோ எல்லாவற்றையும் 'மூத்தவன்' என்ற ஒரே சொல்லில் அள்ளிக்கொண்டவர். தாத்தாவின் குடை ரிப்பேர் பெட்டியை மட்டும், "உனக்குத்தான்டா இது பொருத்தம்" என்று தம்பிக்குப் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார். இப்போது வாள் என்றதும் மனைவியையும், தாத்தாவின் மகளான அத்தையையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டார்.

வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சுவரைப் பார்த்தார். கண் கலங்கிற்று.

"அதேதான். தாத்தா என்னைத் தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டு இதைத்தான் காட்டுவாரு. 'மூத்தவனே, எனக்கு அப்புறம் இது உனக்குத்தான்'னு சொல்லுவாரு. டேய், அது உன் வீட்டுல என்னடா பண்ணுது?"

அத்தையம்மா வாளை இறக்கச் சொல்லி மடியில் வைத்துக்கொண்டு பிடியைத் தடவினார். அதில் இருந்த சின்னச் சொட்டையைக் கண்டுபிடித்தார். "இதோ பாருடா, என் பல் தடம்! எனக்குப் பல் முளைக்கிறப்போ இதைக் குடுத்தாத்தான் அழுகையை நிறுத்துவேனாம். எங்கம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

அத்தான் குனிந்து சொட்டையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பல் தடம் மாதிரியேதான் இருந்தது, என்ன செய்ய? பாவம் மனிதர், ஒரே வாக்கியத்தில் தாத்தாவுக்கு வாளைக் கொடுத்தார். வந்தவர்கள் அதற்குப் பல் தடம்வரை வைத்துவிட்டார்கள். இனி அந்த வாளில் அவருக்கு என்ன மிச்சம்? வாழ்நாளில் அவராகப் பார்த்து, அவராக ஆசைப்பட்டு வாங்கிய ஒரே சாமான் அது. அதைக் காப்பாற்ற வேண்டுமானால் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் தானாக வரும் தண்ணீர் நின்றுவிடும்.

சொன்னார். அதை நான் பெரிதாகத்தான் நினைக்கிறேன். ஆனால் வீட்டுக் குரலில் சொன்னார்.

"அண்ணா, அது தாத்தாவோடது இல்ல. நான் பொய் சொல்லிட்டேன். குக்கர் ரிங் வாங்கப் போனேன். அங்க இது இருந்துச்சு. வாங்கிட்டேன்."

யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னார். இந்தமுறை பெரியவரின் மனைவி பக்கென்று சிரித்துவிட்டார்.

"பாத்தீங்களா? வந்து கேட்டதும் கதை எப்படி மாறுதுன்னு?"

பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். "குக்கர் ரிங் வாங்கப் போனவன் வாள் வாங்கிட்டு வருவானாடா? பொய் சொல்றதுன்னு ஆனதுக்கு அப்புறம், கொஞ்சம் பொருந்துற மாதிரியாவது சொல்லு!"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது என்பதுதான் கொடுமை. பொய் எவ்வளவு லட்சணமாக இருந்தது! உண்மையைப் பார்த்தால் சின்னக் குழந்தைகூட நம்பாது.

அக்கா அத்தானைச் சமையலறைக்குள் இழுத்தாள். "நிஜமாவா சொல்றீங்க?" என்று கிசுகிசுத்தாள். அவர் தலையாட்டினார். அக்கா குக்கரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "சரி, போனா போகுது. குடுத்துடுங்க. வாள் போனாலும் தாத்தா இருப்பாருல்ல? நான் ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. கூடத்துக்குப் போய், "கடையிலயே போய்க் கேட்டா தெரிஞ்சுடும், வாங்க" என்றேன். ஊர்வலமாகப் போனோம். முன்னால் பெரியவர் வாளை நீட்டிப் பிடித்துக்கொண்டு, பின்னால் இரண்டு பெண்கள், அதற்கும் பின்னால் தலை குனிந்த அத்தான், பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நான். கையில் வாளோடு ஒரு குடும்பம் கடையை நோக்கி வருவதைப் பார்த்தால் எந்தக் கடைக்காரர்தான் "வாங்க வாங்க, நான்தான் வித்தேன்" என்பார்?

"இங்க குக்கர் ரிங், மிக்ஸி பிளேடு, அடுப்புக் குமிழ், இவ்வளவுதாங்க. வாளெல்லாம் நான் கண்ணால பார்த்ததே இல்ல" என்றார். பிறகு அத்தானைப் பார்த்து, "சார், உங்க சைஸ் ரிங் வந்துடுச்சு, எடுக்கட்டுமா?" என்றார்.

பெரியவர் ஜெயித்தார். அக்காவின் பூப்போட்ட போர்வையிலேயே வாளைச் சுற்றி எடுத்துக்கொண்டார்கள். காலண்டர் மறுபடியும் ஆணிக்கு வந்தது.

மறுநாள் காலையில் அத்தானுக்கு வேலை. அவர் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் மைக் முன் உட்கார்ந்திருந்தார். அவருக்கு நேர் எதிரே, இரண்டாம் நடைமேடையில் புறப்பட நின்ற பஸ்ஸில், டிரைவருக்குப் பின் இருக்கையில் பெரியவரும் மற்ற இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். பூப்போட்ட மூட்டை பெரியவரின் முழங்கால்களுக்கு நடுவே நின்றது. அத்தான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டிரைவர் ஏறி ஹாரன் அடித்தார். அத்தான் மைக்கை இழுத்தார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. இரண்டாம் நடைமேடையிலிருந்து புறப்படும் பேருந்தில், ஓட்டுநருக்குப் பின் இருக்கையில், பூப்போட்ட போர்வையில் சுற்றிய பொருளுடன் அமர்ந்திருக்கும் பயணி கவனிக்கவும். தாங்கள் கொண்டுசெல்லும் வாள் தங்கள் தாத்தாவுடையது அல்ல. தங்கள் தாத்தா குடை ரிப்பேர் செய்தவர். அவரிடம் வாள் எதுவும் இருந்ததில்லை. அந்த வாள், கடந்த ஞாயிற்றுக்கிழமை குக்கர் ரிங் வாங்கச் சென்ற அறிவிப்பாளரால், அவருக்குப் பிடித்திருந்த காரணத்தால், வாங்கப்பட்டது. இது தொடர்பாக முன்னர் செய்யப்பட்ட அறிவிப்பு தவறானது. தவறுக்கு வருந்துகிறோம்."

நிலையம் முழுவதும் மூச்சுவிடாமல் நின்றது. எந்த அறிவிப்பையும் இரண்டு முறை சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி. அத்தான் விதியை மீறவில்லை. "மீண்டும் அறிவிக்கிறோம்" என்று முதலிலிருந்து கடைசிவரை ஒரு சொல் விடாமல் சொன்னார்.

'வாள்' என்பது காதில் விழுந்ததுமே பஸ்ஸில் பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். கண்டக்டர் படியில் நின்றுகொண்டு, "யாருங்க அது பூப்போட்ட போர்வை? எடுத்துக்கிட்டுக் கீழ இறங்குங்க!" என்று கத்தினார். பெரியவர் இறங்கினார். "எங்க தாத்தா..." என்று ஆரம்பித்தார். யார் கேட்பார்கள்? மைக்கிலேயே சொல்லியாயிற்று. வீட்டில் யாரும் காது கொடுக்காத அதே உண்மையை, அதே வாய் சொன்னதை, ஒலிபெருக்கி வழியாக வந்ததும் முன்பின் தெரியாத கூட்டம் மொத்தமாக நம்பிவிட்டது. டீக்கடைக்காரர் பெரியவரிடம் போய்ப் பணிவாகவே கேட்டார்: "நீங்க குடை ரிப்பேர் குடும்பமா சார்? எங்கிட்ட ஒரு குடை விரியாம கிடக்கு, கொஞ்சம் பார்க்கிறீங்களா?"

பெரியவர் முகம் செத்துப்போயிற்று. மூட்டையை என் கடைக் கதவில் சாத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். பஸ் நகரும்போது ஜன்னல் வழியாக அத்தையம்மாவின் குரல் மட்டும் வந்தது: "டேய், பல் தடம் என்னோடதுதாண்டா!"

நிலைய அதிகாரி அத்தானை உடனே கூப்பிட்டனுப்பினார். சொந்தக் கதைக்கு மைக்கைப் பயன்படுத்தியது குற்றம் என்றார். அதைவிடப் பெரிய குற்றம், அறிவிப்பு தவறு என்று மைக்கிலேயே ஒப்புக்கொண்டது. "நாளைக்கு ஜனங்க மத்த அறிவிப்பையும் சந்தேகப்பட ஆரம்பிச்சா என்னய்யா பண்றது?" என்று மேசையைத் தட்டினார். வருகிற திங்கள்கிழமையிலிருந்து அத்தான், பயணிகள் மறந்து விட்டுப்போன சாமான்களை வைத்திருக்கும் அறைக்கு மாற்றப்பட்டார். அங்கே பேச வேண்டிய அவசியமே இல்லை. அவருக்கு உலகத்தில் இருந்த ஒரே பெரிய குரலும் அதோடு போயிற்று. என் கடையில் நின்றுகொண்டு நான் அழுதேன். மெஷின் சூட்டில் கண் எரிகிறது என்று வாடிக்கையாளரிடம் சொன்னேன்.

நாங்கள் வீடு திரும்புவதற்குள் சங்கதி தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டிருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் மோட்டார் விஷயமாக வந்து, 'சார்' இல்லாமலே பேசிவிட்டுப் போயிருந்தார். அக்கா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அத்தான் உள்ளே போய்ப் போர்வையைப் பிரித்தார். அக்கா எழுந்திருக்கவில்லை. வாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன இது?" என்றாள்.

இந்தமுறை அத்தான் தொண்டையைச் செருமவில்லை.

"நான் வாங்கினது. எனக்குப் பிடிச்சிருந்துச்சு."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா வெச்சுக்க விட்டிருப்பியா?"

அக்கா சட்டென்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மூடிக்கொண்டாள். அந்த வீட்டில் அவள் யோசித்துப் பதில் சொல்லி நான் பார்த்தது அன்றுதான்.

"விட்டிருக்க மாட்டேன்" என்றாள். "மறுநாளே பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டிருப்பேன்."

அத்தான் சரி என்பது போலத் தலையாட்டினார். அவருக்கு அது தெரிந்த செய்திதான். சமையலறையில் குக்கர் ஓரமெல்லாம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அக்கா எழுந்து போனாள். குக்கர் பக்கம் போகவில்லை. சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றினாள். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். அத்தான் வாளை ஆணியில் மாட்டி, கோணலாக இருக்கிறதா என்று எட்ட நின்று பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அந்தக் குரலில், "கொஞ்சம் தண்ணி" என்றார்.

அக்கா காதில் விழுந்தது.